ஊன்றுகோலும் ஒரு நிஃமத்தே



எங்கள் அத்தாவுக்குப் பக்கவாதம் ஏற்பட்டு மூன்று ஆண்டுகள் கடந்துவிட்டன. இந்த மூன்று ஆண்டுகளில் நடை, கம்பு, படிக்கட்டு ஆகியவை குறித்து எங்கள் குடும்பம் கற்றுக்கொண்டவை பிறருக்கும் பயன்படக்கூடும் என்னும் எண்ணத்திலேயே இதனை எழுதுகிறோம். திண்டுக்கல் நகரிலும், வேடசந்தூர், நிலக்கோட்டை, வத்தலக்குண்டு போன்ற சுற்று ஊர்களிலும் உள்ள நம் வீடுகளில், ஒரு காலத்தில் ஓடியாடிய ஒருவர் இன்று கட்டிலோடு ஒதுங்கியிருப்பதைப் பல இடங்களில் கண்டிருக்கிறோம். அவர்களுள் பலர் நடக்கவே இயலாதவர்கள் அல்லர். ஏதேனும் ஒரு துணைக்கருவியோடு நடக்க இயன்றவர்கள். அக்கருவியோடு பிறர் கண்ணில் படுவதற்கு நாணியே அவர்கள் வெளியே வருவதில்லை.

எங்கள் அத்தா தோல் ஷாப்பு என்று ஊரில் வழங்கும் தோல் பதனிடும் தொழிற்சாலையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றியவர். பதனிட்ட ஆட்டுத்தோலை விரலால் தடவிப் பார்த்தே தரம் பிரிப்பவர். நாள் முழுவதும் நின்றே செய்யும் வேலை அது. மூளையின் வலப்பக்கத்தில் இரத்த ஓட்டம் தடைப்பட்டதால் அவருடைய இடது கையும் இடது காலும் செயலிழந்தன. மதுரையில் மருத்துவம் பெற்று வீடு திரும்பிய பின்னர், மூன்று மாதப் பயிற்சியில், அல்ஹம்துலில்லாஹ், இடுப்பிலும் முழங்காலிலும் வலு ஓரளவு மீண்டது. ஆனால் கணுக்காலுக்குக் கீழே மீளவில்லை. காலைத் தூக்கும்போது பாதம் மேலெழாமல் தொங்கியது. விரல் நுனி தரையில் உரசி, நிலைப்படியிலும் பாய் விளிம்பிலும் தடுக்கியது. இதனை மருத்துவர்கள் ஃபுட் டிராப் என்கின்றனர். பாதத் தொய்வு என்று நாம் சொல்லலாம். பாதத்தை மேலே தூக்கும் தசைக்கு மூளையின் கட்டளை சரிவரப் போய்ச் சேராமையே இதற்குக் காரணம். தசையில் நோயில்லை.

இயன்முறை மருத்துவர் இரண்டு பொருள்களைப் பரிந்துரைத்தார். ஒன்று, கைக்கம்பு. மற்றொன்று, முழங்காலுக்குக் கீழிருந்து உள்ளங்கால் வரை தாங்கிப் பிடிக்கும் பிளாஸ்டிக் தாங்கி. மருத்துவமனையில் இதனை ஏ.எஃப்.ஓ. என்பர், மக்கள் பொதுவாக ஸ்பிளின்ட் என்று சொல்வர். அத்தா இரண்டையும் ஏற்க மறுத்துவிட்டார். “ஊரே பாக்க கம்பு ஊணிக்கிட்டு நான் ஜும்ஆவுக்கு வரணுமாக்கும்? வீட்டுலயே தொழுதுக்கிறேன்” என்பதே அவர் சொன்ன பதில். உறவினர் சிலரும் அவர் பக்கமே நின்றனர். கம்பு கொடுத்தால் அதுவே பழகிவிடும், கால் மேலும் சோம்பிவிடும் என்றார் ஒருவர். பேத்திக்குச் சம்பந்தம் பேசும் நேரத்தில் வீட்டு நோயைத் தெருவில் காட்ட வேண்டுமா என்று கேட்டார் மற்றொருவர். அல்லாஹ்வின் மீது பாரத்தைப் போடுங்கள், கம்பின் மீது போடாதீர்கள் என்றும் ஒரு குரல் எழுந்தது.

கடைசியாகச் சொல்லப்பட்டதுதான் எங்களை அதிகம் சிந்திக்க வைத்தது. தவக்குல் என்பது வழிவகைகளைக் கைவிடுவதா? மருத்துவம் செய்துகொள்ளலாமா என்று கிராமத்து அரபிகள் வினவியபோது, நபி (ஸல்) அவர்கள் செய்துகொள்ளுமாறே பணித்தார்கள். முதுமையைத் தவிர மருந்தில்லாத நோயை அல்லாஹ் படைக்கவில்லை என்றும் அறிவித்தார்கள். மூஸா (அலை) அவர்களிடம் கையில் இருப்பது யாது என்று வல்ல இறைவன் கேட்ட நிகழ்ச்சியைத் தாஹா அத்தியாயத்தில் நாம் அனைவரும் ஓதியிருக்கிறோம். தம் கைத்தடியின் பயன்களைக் கூறத் தொடங்கிய அந்த நபி, எல்லாவற்றுக்கும் முன்னதாகச் சொன்னது, அதன் மீது தாம் சாய்ந்துகொள்வதைத்தான். ஆடுகளுக்குத் தழை உதிர்ப்பது அதன் பின்னரே வருகிறது. இறைவனோடு உரையாடும் வேளையில் ஒரு நபி சொல்ல நாணாத ஒன்றைச் சொல்ல நாம் ஏன் நாண வேண்டும்?

இவையெல்லாம் எங்கள் வாயிலிருந்து வந்தபோது அத்தாவின் மனம் இளகவில்லை. இளக வைத்தவர் அவருடைய தங்கை, எங்கள் மாமி. இரண்டு வயதில் போலியோ தாக்கியவர் அவர். போலியோக் கிருமி முதுகுத் தண்டிலுள்ள இயக்க நரம்பணுக்களை அழித்துவிடுவதால், அவற்றை நம்பியிருந்த தசைகள் சூம்பிப்போகின்றன. இந்தியாவில் இயற்கையாகப் பரவிய போலியோவின் கடைசி நோயாளி 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தில் கண்டறியப்பட்டார். 2014 மார்ச்சில் நம் நாடு போலியோ அற்றதாகச் சான்று பெற்றது. அதற்கு முந்தைய தலைமுறையில் இரும்புக் கம்பியும் தோல் பட்டையும் கொண்ட காலிப்பர் அணிந்து நடந்தவர்கள் ஊருக்கு ஊர் இருந்தனர். மாமியும் அவர்களுள் ஒருவர். “அண்ணே, நாப்பது வருசமா இந்த இரும்பைக் கட்டிக்கிட்டுத்தான் நடக்குறேன். பள்ளிக்கூடம் போனேன், தையல் கத்துக்கிட்டேன், புள்ளைகளை வளத்தேன். இதைக் கழட்டி வச்சிருந்தா அந்த மூலையிலயே உக்காந்திருப்பேன். உங்களுக்கு மட்டும் என்ன வெக்கம்?” என்று அவர் கேட்டபோது அத்தா பதில் பேசவில்லை. மறுநாள் கம்பை எடுத்து வரச் சொன்னார்.

கம்பைப் பிடிப்பதற்கும் முறை உண்டு என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிய வந்தது. வலுவிழந்த காலின் பக்கமே கம்பைப் பிடிக்க வேண்டும் என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் வலுவுள்ள பக்கத்துக் கையில்தான் பிடிக்க வேண்டும். நாம் இயல்பாக நடக்கும்போது இடது காலோடு வலது கைதான் முன்னே வீசும். அவ்வாறே கம்பும் வலுவற்ற காலும் சேர்ந்து முன்னே செல்ல வேண்டும். அப்போது உடலின் பாரத்தில் ஒரு பகுதியைக் கம்பு ஏற்றுக்கொள்ளும். கம்பின் உயரத்தையும் கண்ணளவில் முடிவு செய்யலாகாது. செருப்பு அணிந்து நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால், மணிக்கட்டின் மடிப்பு எங்கே வருகிறதோ அதுவே கைப்பிடியின் உயரம். அடியிலுள்ள ரப்பர் புஷ் தேய்ந்தவுடன் மாற்றிவிட வேண்டும். தேய்ந்த ரப்பர் ஈரத் தரையில் வழுக்கும். ஒற்றைக் கம்பில் நிலை கொள்ளாதவர்களுக்கு நான்கு கால் கம்பும், அதுவும் போதாதவர்களுக்கு வாக்கரும் உள்ளன. ஆனால் வாக்கரைப் பிடிக்க இரு கைகளிலும் வலு வேண்டும். ஒரு கை செயலிழந்தவருக்கு அது பெரும்பாலும் பயன்படாது. எந்தக் கருவி எவருக்கு என்பதை, நடையைப் பார்த்து இயன்முறை மருத்துவர்தாம் முடிவு செய்ய வேண்டும்.

தாங்கியின் கதை வேறு. ஒரு கடையில் வாங்கிய ஆயத்தத் தாங்கி அத்தாவின் காலுக்குச் சற்றே பெரியதாக இருந்தது. இரண்டே நாளில் கணுக்கால் எலும்பின் மேல் கொப்புளம் எழுந்தது. பக்கவாதத்தில் தொடுவுணர்வும் மங்கியிருப்பதால் அவருக்கு வலி தெரியவில்லை; கால் கழுவிவிட்ட அம்மாதான் அதைக் கண்டார். பின்னர் காலில் மாவுக்கட்டு போட்டு அச்செடுத்து, அந்த அச்சின் மீது பிளாஸ்டிக் தகட்டைச் சூடாக்கி வளைத்து, அவருடைய காலுக்கென்றே ஒரு தாங்கியைச் செய்து கொடுத்தனர். தாங்கி அணிபவர் உள்ள வீட்டில் ஒரு வழக்கத்தை விடாது கடைப்பிடிக்க வேண்டும்: கழற்றியவுடன் தோலை வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். சிவந்த தடம் அரை மணி நேரத்துக்குள் மறையாவிட்டால், தாங்கி அழுத்துகிறது என்று பொருள். அதனைத் திருத்தும் வரை அணியலாகாது.

புதிய தாங்கியிலும் வார்ப்பட்டை ஓரம் உறுத்தியது. அத்தா அதனை வாங்கி வலது கையால் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பழைய தோல் ஷாப்பு நண்பர் ஒருவரிடம் சொல்லியனுப்பி, மென்மையான லைனிங் தோல் துண்டு ஒன்றை வரவழைத்தார். எந்தப் பக்கம் உள்ளே வர வேண்டும், எங்கே சீவி மெலிதாக்க வேண்டும் என்று அவர் சொல்லச் சொல்ல, மாமி தைத்துக் கொடுத்தார். தாங்கி செய்தவரிடம் காட்டியபோது அவரும் நன்றென்று ஏற்றுக்கொண்டார். அன்று முதல் அது மருத்துவமனைப் பொருளாக இல்லாமல் அத்தாவின் பொருளாயிற்று. காலையில் எழுந்ததும் தாமே கேட்டு வாங்கி அணிந்தார்.

நம் ஊர் வாழ்க்கைக்கும் இத்தகைய கருவிகளுக்கும் இடையே ஓர் இடைவெளி உண்டு. ஏ.எஃப்.ஓ. என்பது காலணிக்குள் அணிவதற்காக அமைந்தது. வீட்டினுள்ளேயும் காலணி அணியும் நாடுகளில் அது இடையூறன்று. நாமோ வீட்டுக்குள்ளும் பள்ளிவாசலிலும் வெறுங்காலோடு நடப்பவர்கள். வழவழப்பான டைல்ஸ் தரையில் பிளாஸ்டிக் அடிப்பாகம் வழுக்கும். ஆகவே அடியில் வழுக்காத ரப்பர் ஒட்டித் தருமாறு தாங்கி செய்பவரிடம் முதலிலேயே கேட்டுப் பெறுவது நல்லது. நம் மக்களின் வாழ்க்கைக்கு ஏற்பக் கருவியை மாற்றியமைப்பது இந்தியாவுக்குப் புதிதன்று. 1960களின் இறுதியில் மருத்துவர் பி. கே. சேத்தியும் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் உருவாக்கிய ஜெய்ப்பூர் கால், வெறுங்காலோடு நடக்கவும், குந்தவும், சம்மணமிடவும் ஏற்றவாறு அமைக்கப்பட்டது. வேலூரில் 1946 முதல் பணியாற்றிய மருத்துவர் பால் பிராண்டு, தொழுநோயால் நரம்பு கெட்டு உணர்விழந்த பாதங்களைக் காக்க மெத்தென்ற ரப்பர் செருப்பை முன்னிறுத்தினார். இன்று நீரிழிவால் பாதத்தில் உணர்விழந்தோருக்கும் எம்.சி.ஆர். செருப்பு என்ற பெயரில் அதுவே பரிந்துரைக்கப்படுகிறது.

தாமே நடக்க இயலாத நிலையிலிருந்து பிறரை நடக்க வைத்தோரும் தமிழகத்தில் உண்டு. மருத்துவர் மேரி வர்கீஸ் 1954இல் நேர்ந்த விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே தொழுநோயாளிகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பின்னர் வேலூரில் 1966இல் மறுவாழ்வு மையத்தை நிறுவினார். 1975இல் கடற்படைத் தேர்வின்போது கழுத்தெலும்பு முறிந்து கை கால் செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன், தென்காசிக்கு அருகிலுள்ள ஆய்க்குடியில் 1981இல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். நம் ஊரிலிருந்து அரை நாள் பயணத் தொலைவில் நிகழ்ந்துவரும் பணி இது.

கருவி என்றால் எப்போதும் விலை கொடுத்து வாங்குவதுதான் என்று எண்ண வேண்டியதில்லை. எங்கள் தெருவில் பார்க்கின்சன் நோயுற்ற பெரியவர் ஒருவர் இருக்கிறார். நடக்கும்போது திடீரென்று கால்கள் தரையோடு ஒட்டிக்கொண்டாற்போல் நின்றுவிடும். குறுகிய வாசலில் இது மிகுதி. அவரே பள்ளிவாசலுக்குள் வந்ததும், ஸஃப்புக்காக விரிப்பில் இட்ட கோடுகளை ஒவ்வொன்றாகத் தாண்டித் தடையின்றி முன்னே நடப்பதைக் கண்டு வியந்தோம். இயன்முறை மருத்துவரிடம் கேட்டபோது அவர் விளக்கினார். பார்க்கின்சன் நோயில் நடையைத் தானே இயக்கிவிடும் மூளைப் பகுதி தளர்கிறது. நடக்கும் திசைக்குக் குறுக்கே கோடுகள் தென்பட்டால், கண்ணின் வழியே வேறொரு பாதையில் மூளை அடியெடுக்கக் கட்டளையிடுகிறது. அப்பெரியவரின் மக்கள், வீட்டு வாசலிலும் குளியலறைக்குச் செல்லும் வழியிலும் வண்ண நாடாவைக் குறுக்குக் கோடுகளாக ஒட்டினர். சில ரூபாய்ச் செலவில் அமைந்த நடைக்கருவி அது.

மின்சாரத்தால் பாதத்தைத் தூக்கும் கருவி உண்டாமே என்று எங்களிடம் சிலர் கேட்டதுண்டு. உண்மைதான். 1961இல் லிபர்சன் என்னும் மருத்துவர் முதன்முதலில் அதனை விளக்கினார். குதிகாலின் அடியில் ஒரு விசை, குதிகால் தரையை விட்டு எழுந்ததும், முழங்காலுக்குச் சற்றுக் கீழே வெளிப்பக்கத்தில் ஓடும் நரம்புக்கு மெல்லிய மின்னோட்டம் பாயும், பாதம் மேலெழும். பக்கவாதத்தில் நரம்பும் தசையும் கெடாமல் இருப்பதால் இது பலருக்குப் பயன்படுகிறது. போலியோவிலும் தொழுநோயிலும் நரம்பே அழிந்துவிடுவதால் பயன்படாது. விலை மிகுந்தது என்பதாலும், தாங்கியே போதுமானது என்று மருத்துவர் கூறியதாலும் நாங்கள் அதனை நாடவில்லை.

இனி, நம் பள்ளிவாசல்களைப் பற்றி. அத்தா கம்போடும் தாங்கியோடும் தெருவில் நடக்கத் தொடங்கியதும், அவரை நிறுத்தியது எங்கள் மஹல்லாப் பள்ளியின் ஐந்து படிகள்தாம். படி ஏறும்போது வலுவுள்ள கால் முதலில், இறங்கும்போது வலுவற்ற கால் முதலில் என்பது விதி. அதனை அவர் கற்றுக்கொண்டார். ஆனால் பிடித்துக்கொள்ளக் கைப்பிடி இல்லை. ஜமாஅத் நிர்வாகத்திடம் விண்ணப்பித்தோம். நோயாளிக்கு ஜும்ஆ கடமையில்லை, மார்க்கம் சலுகை அளித்திருக்கும்போது எதற்காகச் சிரமப்பட வேண்டும் என்று அன்போடுதான் கேட்டனர்.

சலுகை உண்டு என்பதில் ஐயமில்லை. நின்று தொழ இயலாதவர் அமர்ந்தும், அதுவும் இயலாதவர் ஒருக்களித்துப் படுத்தும் தொழலாம் என்று இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டினார்கள். ஆனால் அம்ர் இப்னு அல்ஜமூஹ் (ரலி) அவர்களின் வரலாற்றையும் நாம் நினைவுகூர வேண்டும். கால் ஊனமுற்றிருந்த அவரை, உஹதுக்குச் செல்ல வேண்டாம் என்று அவருடைய மக்களே தடுத்தனர். அவரோ நபியவர்களிடம் சென்று முறையிட்டார். அவர் மீது கடமையில்லை என்று அறிவித்த நபியவர்கள், அவரைத் தடுக்க வேண்டாம் என்று மக்களிடமும் கூறினார்கள். அச்சலுகை, வர இயலாதவரின் மனம் வருந்தாமல் இருப்பதற்காக அல்லாஹ் அருளியது. வர விரும்புகிறவருக்குக் கைப்பிடி வைக்காமல் இருப்பதற்கு நாம் அதனை ஆதாரமாக்கலாகாது. இதனை இமாம் அவர்கள் எடுத்துரைத்த பின்னர் நிர்வாகத்தினர் மனமுவந்து இசைந்தனர்.

முதலில் படியின் வலப்புறம் மட்டும் கம்பி பொருத்தினர். ஏறும்போது வலப்புறம் இருப்பது இறங்கும்போது இடப்புறமாகிவிடும். அத்தாவுக்கோ இடது கை இயங்காது. இதனை அவர் இறங்கிக் காட்டியதும் மறுவாரமே இடப்புறமும் பொருத்தினர். ஆகவே கைப்பிடி அமைக்கும் பள்ளிகள் இரு புறமும் அமைக்க வேண்டுகிறோம். வுழூ செய்யுமிடத்தில் சுவரோடு ஒரு பிடியும், முதுகு சாய்வுள்ள ஓர் இருக்கையும் வேண்டும். தெருவில் ஊன்றிய கம்பைப் பள்ளிக்குள் கொண்டு வரலாமா என்னும் தயக்கம் தீர, உள்ளே பயன்படுத்துவதற்கென்று இரண்டு கம்புகளை வாசலருகே வைத்திருக்கிறோம். தாங்கியைக் கழற்றிக் கால் கழுவுவது, நாற்காலியை ஸஃப்பில் எங்கே இடுவது போன்றவற்றை அவரவர் நிலைமையைச் சொல்லி ஆலிம்களிடம் கேட்டுத் தெளிவு பெறுக. அத்தா வீட்டிலேயே வுழூ செய்து, காலைத் துடைத்து உலர்த்திய பின்னர்தான் தாங்கி அணிகிறார். ஈரத்தோடு அணிந்தால் தோல் புண்ணாகும்.

அரசின் உதவிகளையும் நம்மவர்கள் கேட்டுப் பெறுவது குறைவு. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. பெருமூளை வாதமும் பார்க்கின்சன் நோயும் அவற்றுள் அடங்கும். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் அடையாள அட்டைக்கும் உபகரணங்களுக்கும் விண்ணப்பிக்கலாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறைப் பயிற்சி வீடு தேடியே வருகிறது. ஜகாத், ஸதகா வழங்கும் செல்வந்தர்கள், அளவெடுத்துச் செய்த ஒரு தாங்கிக்கு உதவுவதும் பெரும் நன்மையே.

அத்தா முழுமையாகக் குணமடைந்துவிடவில்லை. இடது கை இன்னும் மடங்கியே இருக்கிறது. மழை நாளில் அவர் வெளியே இறங்குவதில்லை. சுபுஹுத் தொழுகைக்கு இருட்டில் தனியே செல்ல நாங்களும் விடுவதில்லை. வீட்டிலிருந்து பள்ளிக்கு முன்பு ஐந்து நிமிடத்தில் நடந்தவருக்கு இன்று இருபது நிமிடம் ஆகிறது. வழியில் மூவரோடு நின்று ஸலாம் சொல்லிப் பேசுவதால் இன்னும் சற்றுக் கூடுகிறது. பேத்திக்கு நல்ல இடத்தில் சம்பந்தமும் அமைந்துவிட்டது. நிகாஹ் மஜ்லிஸுக்கு அவர் கம்பூன்றியே வந்தார்.

உங்கள் இல்லத்திலும் இப்படி ஒருவர் இருப்பின், அவரிடம் ஒரு முறை கேளுங்கள்: எங்கே போக வேண்டும் என்று அவர் ஆசைப்படுகிறார்? விடை பள்ளிவாசலாக இருக்கலாம், மகள் வீடாக இருக்கலாம், தெருமுனைத் தேநீர்க் கடையாகவும் இருக்கலாம். அவ்விடத்துக்கு அவரைக் கொண்டு சேர்க்கும் கம்போ தாங்கியோ எதுவென்று பிறகு தேடுங்கள். நோயுற்றோருக்கு வல்ல இறைவன் பூரண நலத்தையும், அவர்களைப் பேணுவோருக்குப் பொறுமையையும் நற்கூலியையும் அருள்வானாக. ஆமீன்.